மரக்காலின் கடைசி அட்டை

கடைசியா எப்பப் பாத்தேன்னுதானே? உயிரோடன்னு சேத்தே கேளுங்க சார், ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். கோர்ட்டு பேப்பர்லயே அப்படித்தான் போட்டிருக்கு. நான் படிச்சுப் பாத்துதான் கையெழுத்துப் போட்டேன். தொண்ணூத்தி ஒம்பது, பிப்ரவரி பன்னண்டு, வெள்ளிக்கிழமை. திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு. மெட்ராஸ் பஸ்சு. என் மகன் எபநேசர் ஏறி சன்னலோரமா ஒக்காந்துட்டான். புதுச்சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கிட்டு. வண்டி பின்னாடி எடுக்குது, கண்டக்டர் விசில் ஊதுறாரு. அப்பத்தான் சன்னல் வழியா கையை நீட்டி, அப்பா, எப்சிபா அட்டை குடுத்து விட்டாளே, அதைத் தாங்கன்னான்.

எப்சிபா என் மருமக. நேத்து உங்க தாலுக்கா ஆபீசுக்கு வந்து சத்தம் போட்டுட்டுப் போச்சே, அதேதான். அந்த அட்டையை அவதான் என் பாக்கெட்டுல வச்சு, பஸ் ஏறும்போது அவருகிட்ட குடுங்க மாமான்னு சொல்லி அனுப்புனா. நான் பாக்கெட்டைக் கையால பொத்திக்கிட்டேன். வேணாம்டா, நீ போற எடம் கடல், நனைஞ்சு வீணாப் போயிரும், வீட்டுலயே இருக்கட்டும்னேன். சரிப்பான்னு கையை உள்ள இழுத்துக்கிட்டான். வண்டி போயிருச்சு. அதான் சார். மூஞ்சி கூட நெனப்புல சரியா நிக்கலை, அந்தக் கை உள்ள போனதுதான் நிக்குது.

எழுதிட்டீங்களா? டீயைக் குடிங்க, ஆறிப்போவுது. சக்கரை தூக்கலா இருக்கும், நான் போட்டது. அவ நூறு நாள் வேலைக்குப் போயிருக்கா, வாய்க்கால் தூர் வாருறாங்க. மூணு மணிக்கு வந்துருவா. அதுக்குள்ள முடிச்சுருவோம். நீங்க இருக்கும்போது வந்துட்டான்னா உங்களுக்கும் அர்ச்சனை விழும்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு மனு. மாமனாரு செத்துட்டான்ங்கறாரு, மருமக உயிரோட இருக்காருங்கறா. பெத்தவனே மகன் செத்துட்டான்னு அலையிறானேன்னு ஊருல காறித் துப்பாத குறைதான். சொத்துக்குன்னு நெனக்கிறாங்க. என்ன சொத்து? இந்த ஓட்டு வீடும் பின்னாடி நாலு தென்னையும். நீங்களே சுத்திப் பாத்தீங்க. ரேஷன் கார்டுல இன்னும் அவன் பேருதான் மொதல்ல இருக்கு, அவன் பேருக்கும் அரிசி வாங்குறோம். அதையும் எழுதிக்கங்க. எழுத வேணாமா? நல்ல மனுசன் சார் நீங்க.

அவன் செத்தது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்க. அவ மாதிரியே கேக்குறீங்களே. ஒடம்பைப் பாத்தீங்களா மாமாம்பா.

லாஞ்சு சார். சார்ஜாவுலேர்ந்து மரத்துல செஞ்ச பெரிய லாஞ்சு போவும், அரிசி, சக்கரை, டயரு எல்லாம் ஏத்திக்கிட்டு சோமாலியா பக்கம். அதுல சரக்கு ஏத்தி எறக்குற வேலை. முத்துப்பேட்டை சேக் தாவூது பாய்தான் விசா வாங்கிக் குடுத்தாரு. அவரைக் குத்தம் சொல்லாதீங்க. அவரு மச்சான் மகன் யூனுசும், பாயே வளத்த புள்ளை, அதே லாஞ்சுலதான். ரெண்டாயிரம் ஜூன் மாசம் கெளம்புச்சு. போய்ச் சேரலை. அவ்வளவுதான். பதினோரு பேரு. ஒரு பலகை கூட ஒதுங்கலை. பாயே நேரா அங்க போய், ரெண்டு மாசம் அலைஞ்சு, அந்த மொதலாளிகிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வந்தாரு. அரபுல இருந்துச்சு. படிச்சுச் சொல்ல வந்து இதோ இந்த சேர்லதான் ஒக்காந்தாரு. மாசிலாமணி, நீயும் நானும் தகப்பனுங்கன்னாரு. கடுதாசியை என் மடியில வச்சுட்டுப் போயிட்டாரு. காப்பி உங்க பைல்ல இருக்கு பாருங்க, மொழிபெயர்ப்போட.

யூனுசு பொண்டாட்டி ஹுமைரா. சின்னப் பொண்ணு. நாலு வருசம் பாத்தாங்க. ஜமாத்துல ஒக்காந்து பேசி, இத்தா, அதான் புருசன் எறந்தா இருக்குற கெடு, அதை இருக்க வச்சு, அப்பறம் அதிராம்பட்டினத்துல ஒரு கடைக்காரருக்கு முடிச்சுக் குடுத்தாங்க. இப்ப ரெண்டு புள்ளைங்க. அந்தப் பொண்ணு ஒரு தடவை இங்க வந்து எப்சிபா கையைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அழுதுச்சு. அக்கா, எனக்கும் ஒடம்பைக் காட்டலைக்கா, ஆனா பெரியவங்க முடிஞ்சுதுன்னு சொன்னாங்க, நான் முடிச்சுக்கிட்டேன், நீயும் முடிச்சுக்கக்கான்னுச்சு. இவ என்ன சொன்னா தெரியுமா? ஒனக்கு யாரும் வாக்குக் குடுக்கலை ஹுமைரா, எனக்குக் குடுத்திருக்காருன்னா.

யாரா? ஆண்டவரு.

அந்தச் செவுத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கே, ஆமா, காலண்டருக்குப் பக்கத்துல. அதுதான் சார் நான் சொன்ன அட்டை. இங்கேர்ந்தே படிக்கலாம், என் கையெழுத்துதான். நல்லாருக்கா? பள்ளிக்கூடம் ரெண்டாங்கிளாசோட சரி. மாடு மேய்க்கப் போவும்போது வேதப்புத்தகத்தைக் கொண்டு போய், வரப்புல ஒக்காந்து பாத்துப் பாத்து மணல்ல எழுதிப் பழகுனது.

நீங்க வேற கோயிலுக்குப் போறவங்க, உங்களுக்குப் புரியணும்ல. உங்க பக்கம் பூ கேப்பாங்க இல்லையா, வெள்ளைப் பூவா செவப்புப் பூவான்னு? அது மாதிரின்னு வச்சுக்கங்க. எங்க ஐயரு, பாதிரியாருதான், கேட்டா அடிக்க வருவாரு, ஆனா அது மாதிரிதான். வருசப் பொறப்பு அன்னைக்கு ஆராதனை முடிஞ்சதும் வீட்டுக்கு ஒரு அட்டை எடுக்கணும். வேதத்துல ஆண்டவரு இன்னாருக்கு இன்னது செய்வேன்னு சொன்ன வசனம் ஒண்ணு அதுல இருக்கும். அதுதான் அந்த வீட்டுக்கு அந்த வருசம் பூரா வாக்குத்தத்தம். எடுத்தவங்க சபைக்கு முன்னாடி சத்தமாப் படிக்கணும். தலைமாட்டுல ஒட்டி வைப்பாங்க. புள்ளைக்குக் காய்ச்சல்னா அதை எடுத்துப் பாப்பாங்க, பம்புசெட்டு ஓடலைன்னாலும் அதைத்தான். ஒரு வருசம் ஒருத்தருக்கு, உன் களஞ்சியம் நெறஞ்சு வழியும்னு வந்துச்சு. அந்த வருசம் மேட்டூர்ல தண்ணியே தொறக்கலை. அந்த ஆளு மார்கழி வரைக்கும் நெல்லு கொட்டுற குதிரைக் காலியா வச்சுக்கிட்டு காத்துக்கிட்டு இருந்தாரு.

டவுன் கோயில்ல எல்லாம் சிவகாசியில அச்சடிச்சு ரோசாப்பூ போட்டு வரும். எங்களுது நாப்பத்திமூணு குடும்பம், எல்லாம் பண்ணையில நாத்து நட்ட குடும்பம். அச்சடிக்க எங்க போறது? நான்தான் எழுதுவேன். கோயில்ல மணி அடிக்கிறது, கூட்டுறது, பாய் விரிக்கிறது, ஞாயித்துக்கிழமை புள்ளைங்களுக்கு வேதக்கதை சொல்றது, எல்லாம் நான்தானே. பழைய கல்யாணப் பத்திரிகையை சேத்து வச்சு பிளேடால வெட்டி, வெள்ளையா இருக்கிற பக்கத்துல எழுதுவேன். பின்பக்கம் பொண்ணு பேரு பாதி, மாப்ளை படிப்பு பாதின்னு இருக்கும். ஒரு தடவை ஒருத்தன் அட்டையை மாத்திப் புடிச்சு, தங்கள் நல்வரவை விரும்பும்னு சபையில படிச்சுட்டான். ஐயரே சிரிச்சுட்டாரு.

அட்டையெல்லாம் மரக்கால்ல போட்டு வைப்போம். அறுப்புப் பண்டிகைக்குக் காணிக்கை நெல்லு அளக்குறோமே, அந்த மரக்கால். ஒசரமா, உள்ள இருட்டா இருக்கும். கையை விட்டுத் துழாவி எடுக்கணும். ஐயரு குடும்பம் மொதல்ல, அப்பறம் சபை மூப்பருங்க, அப்பறம் வரிசையா. கோயிலைக் கூட்டுறவன் குடும்பம் கடைசி. யாரும் சட்டம் போடலை, அப்படி ஆயிப் போச்சு. நான் எழுதுன அட்டையில மிஞ்சுறது எனக்கு. முப்பது வருசம் சார். முப்பது வருசமும் மிச்சத்தைத்தான் எடுத்தேன். ஒரு வருசம் கூட எனக்குன்னு ஒண்ணு விழுந்த மாதிரி தோணலை. எம் பொண்டாட்டி அம்சம் இருந்தாளே, அவ சொல்லுவா, எல்லாத்தையும் நீதானே எழுதுன, எது வந்தா என்னய்யான்னு. அவளுக்கு ஞானஸ்நானப் பேரு மார்த்தாள். ஐயரைத் தவிர யாரும் அப்படிக் கூப்புட்டதில்லை.

தொண்ணூத்தி எட்டுல என்னாச்சுன்னா, நாங்க குத்தகைக்கு ஓட்டிக்கிட்டு இருந்த ஒண்ணரைக் காணியை நெலத்துக்காரரு எறால் பண்ணைக்கு வித்துட்டாரு. அப்ப கடலோரம் பூரா அதுதானே. உப்புத் தண்ணியைக் கொண்டு வந்து தேக்குனான். சுத்தி இருந்த வயல்ல நாத்து கருகிப் போச்சு, கெணத்துத் தண்ணி வாயில வைக்க முடியலை. அறுப்புக்கு மெஷின் வந்துருச்சு. பத்து ஆள் ஒரு நாள் அறுக்குறதை அது டீக்குடிக்கிற நேரத்துல அறுக்குது. சேக் தாவூது பாய் அப்பத்தான் வந்தாரு. விசா ஒண்ணு இருக்கு, அஞ்சாந்தேதிக்குள்ள சொல்லுன்னாரு.

எபநேசருக்குப் போறதுக்கு இஷ்டமில்லை. பொறந்து நாலு மாசமே ஆன பொண்ணு, ஜெமிமா. இப்ப அஞ்சாவது படிக்கிறா. அதை வுட்டுட்டு எப்படிப்பா போறதுங்கறான். அம்சம் அதுக்கு மேல. எங்கண்ணு முன்னாடி கஞ்சியைக் குடிச்சுட்டுக் கெடக்கட்டும்னா. எப்சிபா எந்தப் பக்கமும் சேரலை. நான்தான் போன்னேன். கிறிஸ்மஸ் அன்னைக்கு வீட்டுல பெரிய சண்டை. இன்னும் எத்தனை நாளைக்குடா கூட்டுன எடத்தையே கூட்டிக்கிட்டு, மிஞ்சுனதைத் தின்னுக்கிட்டுன்னு கேட்டேன். அவன் கோவப்படலை. அவனுக்குக் கோவமே வராது, அது ஒரு குறை. சரிப்பா, வருசப்பொறப்புக்கு நம்ம வீட்டு அட்டையை நான் எடுக்கறேன், ஆண்டவரு போன்னா போறேன், இருன்னா இருக்கறேன்னான். அம்சம் அடுப்படியில இருந்துக்கிட்டு, அப்படிச் சொல்லுடான்னா. எல்லாருக்கும் மனசு லேசாயிருச்சு. அன்னைக்குக் கறிக்கொழம்பு நல்லாச் சாப்புட்டோம்.

என்ன வந்துச்சுன்னு அங்கயே இருக்கு, படிச்சுக்கங்க. யாக்கோபுன்னு ஒருத்தரு, அண்ணனுக்குப் பயந்து வீட்டை வுட்டு ஓடுறாரு. வழியில கல்லைத் தலைக்கு வச்சுத் தூங்குறாரு. அப்ப ஆண்டவரு கனவுல வந்து, நீ எங்க போனாலும் உன்னைக் காப்பேன், திரும்ப இதே மண்ணுக்குக் கொண்டாந்து சேப்பேன், சொன்னதைச் செய்யிற வரைக்கும் ஒன்னை வுட மாட்டேன்னு சொல்றாரு. அந்த வசனம். எபநேசர் கையை விட்டான், துழாவுனான், வெளிய வரவே இல்லை. என்னடா மரக்காலுக்குள்ளயே குடியிருக்கப் போறியான்னு பின்னாடி பாயில ஒக்காந்திருந்த முருகையன் மகன் கேக்குறான், எல்லாரும் சிரிக்கிறாங்க. எடுத்தான். படிச்சான். பாதியில நிறுத்திட்டு அட்டையை ஐயருகிட்ட நீட்டுனான். மீதியை ஐயருதான் படிச்சாரு. வெளிநாடு போவவா வேணாமான்னு கேட்டுக்கிட்டு நின்னவனுக்கு அந்த வசனம் வந்தா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. அம்சம் கூட அழுதுட்டு, போயிட்டு வாடா, அவரே சொல்லிட்டாருன்னா.

அப்பறம் நடந்ததுதான் தெரியுமே.

எப்சிபா அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் வேற அட்டை எடுக்கலை. ஒவ்வொரு வருசப் பொறப்புக்கும் எங்க குடும்பத்துப் பேரைக் கூப்புடுவாங்க. எழுந்து நின்னு, எங்களுக்குப் பழசே இன்னும் நெறவேறலை ஐயா, புதுசு வேணாம்னுட்டு ஒக்காந்துருவா. மொதல் ரெண்டு வருசம் சபையே கண் கலங்குச்சு. சாட்சி சொல்லச் சொல்லிக் கன்வென்ஷனுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனாங்க. நாலு வருசம் ஆச்சு, அஞ்சு வருசம் ஆச்சு, இப்ப அவ எழுந்தாலே சின்னப் பசங்க ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுக்கிறானுங்க. பழசு வந்துருச்சுடாங்கறானுங்க. ஜெமிமா தலையைக் குனிஞ்சுக்கும்.

அம்சம் ரெண்டாயிரத்தி மூணுல போயிட்டா. பொட்டியை மூடுறதுக்கு முன்னாடி இவ குனிஞ்சு காதுல சொல்றா, அத்தை, அவரு வந்ததும் கல்லறைக்குக் கூட்டிக்கிட்டு வரேன்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும் சார் நான். வாய் வரைக்கும் வந்துச்சு.

வாய்மேடு பக்கத்துலேர்ந்து ஒருத்தரு வந்தாரு, ரைஸ்மில்லுல மெஷின் ஓட்டுறவரு, ஞானமுத்துன்னு பேரு. சம்சாரம் இல்லை. நல்ல குணம். ஜெமிமாவுக்கு சைக்கிள்ல முன்னாடி கம்பியில சீட்டு போட்டு ஓட்டிக்கிட்டு வந்தாரு, கேக்காமலே. எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஐயருகிட்ட பேசுனோம். ஓலை வாசிக்கணும்னா, அதான், கோயில்ல மூணு ஞாயிறு பேரு வாசிக்கணும்ல, அதுக்கு மொத புருசன் எறந்ததுக்கு சர்டிபிகேட் வேணும்னாரு. ஏழு வருசம் ஆவணும்னாங்க. அந்த மனுசன் காத்திருந்தாரு. ஏழும் ஆச்சு. இவ ஒரு நாள் அவரைக் கூப்புட்டு உக்கார வச்சு, அந்த அட்டையைக் காட்டி, இதுக்கு நீங்க பதில் சொல்லிட்டா நான் வரேன்னுட்டா. அவரும் வேதம் படிக்கிறவரு. பாத்தாரு, எழுந்து போயிட்டாரு. போன தை மாசம் அவருக்கு வேற எடத்துல ஓலை வாசிச்சுட்டாங்க.

ஆமாம், இனிமே இந்த சர்டிபிகேட் எதுக்குன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. கல்யாணத்துக்கு இல்லை. அந்தக் கதை முடிஞ்சு போச்சு. எனக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு வருது, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில பாத்துட்டு நாளைத் தள்ளுங்கன்னாங்க. நான் போறதுக்குள்ள அவளுக்கு யாராவது முடிஞ்சு போச்சுன்னு சொல்லணும். என்னால ஆவலை.

போன வருசம் ஒரு புது ஐயரு வந்தாரு, படிச்சவரு, சின்ன வயசு. பிரசங்கத்துல போட்டு ஒடைச்சாரு. யாக்கோபுக்குச் சொன்னதை யாக்கோபு வாங்கிக்கிட்டாச்சு, வேற ஊரு வெலாசம் போட்ட கடுதாசியைப் பிரிச்சுப் படிச்சுட்டு எனக்கு வந்ததுன்னு சொல்லாதீங்கன்னாரு. வேதத்துல ஆறுதல் இருக்கு, வாழ வழி இருக்கு, நாளைக்கு என்ன நடக்கும்னு சீட்டு எடுக்குற கடை இல்லை அதுன்னாரு. எனக்கு அப்படியே கும்பிடணும் போல இருந்துச்சு. திரும்பி எப்சிபாவைப் பாக்குறேன். அவ கைக்குட்டையை மடிச்சுக்கிட்டு இருக்கா. வெளிய வந்து, அவருக்கு இன்னும் கல்யாணமே ஆவலை மாமா, காத்திருக்கிறதைப் பத்தி என்ன தெரியும்னா.

யோனான்னு ஒருத்தரு கதை இருக்கு சார். சின்னப் புள்ளைங்களுக்கு ரொம்பப் புடிக்கும், மீன் முழுங்குற கதை. கப்பல்ல போறாரு, பொயலு அடிக்குது. யாரால இந்தப் பொயலுன்னு கப்பக்காரங்க சீட்டுப் போட்டுப் பாக்குறாங்க. சரியா அவரு பேருக்கு விழுது. தூக்கிக் கடல்ல போடுறாங்க, கடல் அடங்கிருது. இந்தக் கதையை நான் முப்பது வருசம் சொல்லியிருக்கேன். இப்ப சொல்றதில்லை. ஏன்னா அந்தக் கப்பல்ல சீட்டு எழுதுனவன் யோக்கியன். குத்தம் பண்ணவன் கப்பல்ல இருந்தான். எங்க கதையில அவன் கரையில இருக்கான், டீ போட்டுக் குடுக்குறான்.

ஆமா சார். நான்தான்.

நாப்பத்திமூணு வீடு, நாப்பத்திமூணு அட்டை. கடைசியா நிக்கிறவனுக்குக் கடைசி அட்டை. அன்னைக்குக் காலையில மணி அடிக்கிறதுக்கு முன்னாடி, அந்த யாக்கோபு வசனத்தை மரக்கால் அடியில ஒட்டுனேன். பசையெல்லாம் இல்லை. பழைய சோத்துலேர்ந்து ஒரே ஒரு பருக்கை. அட்டை பின்னாடி வச்சு அழுத்துனா நல்லாப் புடிச்சுக்கும், புள்ளைங்க பட்டம் ஒட்டுமே, அப்படி. மேல மத்த நாப்பத்திரெண்டைப் போட்டேன். கையை விடுறவங்களுக்கு உதிரியாக் கெடக்குறதுதானே ஆப்புடும். அவன் நகத்தால நெம்பித்தான் எடுத்தான். வீட்டுக்கு வரும்போது சொல்றான், அப்பா, அது அடியிலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சுப்பா, எனக்குன்னே காத்துக்கிட்டு இருந்த மாதிரின்னு. நான் ஆமாண்டான்னேன்.

கெட்டதுக்குச் செய்யலை. நல்ல வசனம்தானே, வேதத்துல இருக்கிறதுதானே, ஒரு தடவையாவது நம்ம வீட்டுக்கு மிச்சம் இல்லாம ஒண்ணு விழட்டுமேன்னு. அவன் நல்லபடியாப் போயி நல்லபடியா வந்திருந்தா நானும் மறந்திருப்பேன். பஸ் ஸ்டாண்டுல ஏன் அட்டையைக் குடுக்கலைன்னு இப்பப் புரியுதா? கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாப்பானே. சோத்துப் பருக்கை இருக்கிறதைக் கண்டுபுடிச்சுருவானோன்னு பயம். நனைஞ்சுரும்னேன்.

சொல்லிட்டேன் சார், அவகிட்டயும் சொல்லிட்டேன். ஈஸ்டருக்கு முந்தின நாள். அந்தப் படத்தைக் கழட்டி, பின்பக்க அட்டையைப் பிரிச்சு, பருக்கையைக் காட்டுனேன். கால்ல விழப் போனேன், புடிச்சுக்கிட்டா. அடிப்பா, கத்துவா, வீட்டை வுட்டுப் போவான்னு எல்லாத்துக்கும் தயாரா இருந்தேன். பருக்கையைப் பாத்தா. அப்பறம் கேக்குறா, மாமா, அன்னைக்கு மரக்காலுக்குள்ள எத்தனை பேரு கை போச்சு? நாப்பத்திரெண்டும்மான்னேன். அதுல ஒருத்தர் நகம் கூட இதுல படலையே, ஏன்னா. அவளே மேல கேக்குறா. யோசேப்பை வித்தது அண்ணமாரு, அனுப்புனது ஆண்டவருன்னு ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நீங்கதானே மாமா? பருக்கையை ஒட்டுனது நீங்க. உங்க கையை வச்சு ஒட்டுனது யாருன்னா.

அவளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவன் நான் சார். இதே ஊருப் பொண்ணுதான். ஆறு வயசுல பாவாடையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு மொத வரிசையில ஒக்காந்திருக்கும். யோசேப்பை அண்ணமாரே அடிமையா வித்துருவாங்க, கடைசியில பஞ்சத்துல அவருதான் அவங்களுக்குச் சோறு போடுவாரு, அந்தக் கதை சொன்னா கண்ணு கொட்டாம கேக்கும். ஒரு தடவை சொன்னா மறக்காது.

நீங்க சொன்னா மட்டும் கேக்கப் போறாளான்னா, மாட்டா. தெரியும். ஆனா கவர்மெண்டு சீல் இருக்கும்ல, ஒரு தேதி போட்டிருக்கும்ல. என்னைக்காவது ஒரு நாள், நான் இல்லாதப்ப, பொட்டியில எதையாவது தேடும்போது கைக்கு ஆப்புட்டுச்சுன்னா. அந்தப் பொண்ணு ஜெமிமாவாவது படிக்கும்.

அட்டை விசயத்தை எழுதணுமா வேணாமான்னு உங்க இஷ்டம். அதுக்குக் கட்டம் இல்லைங்களா? இருக்காது. கடைசியா உயிரோட பாத்த தேதி, எடம், அது மட்டும் போதும்னா சரி. இங்கதானே கையெழுத்து? பேரை முழுசாப் போடவா?

மாசிலாமணி. ஆச்சு.

நேரம் ஆவுது, நீங்க கெளம்புங்க. அட்டையைப் பாக்கணும்னா எட்டிப் பாருங்க, ஆனா ஆணியிலேர்ந்து எடுக்காதீங்க, அவளுக்குத் தெரிஞ்சுரும். லேசாத் திருப்புங்க. பின்பக்கமும் கண்ணாடிதான். நான் சொன்னதுக்கப்பறம் திருத்துறைப்பூண்டிக்கு எடுத்துட்டுப் போயி ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டுட்டு வந்துட்டா. கவல்லி, பி.ஏ.ன்னு பாதிப் பேரு இருக்கு பாருங்க, ஏதோ ஒரு நாகவல்லியோ அலங்கவல்லியோ. அதுக்கு நேர் கீழ பருக்கை. நசுங்கி, மஞ்சளாயிருக்கு. இன்னும் விழலை.